இடுப்பில் பிடிக்கிற கவுன்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் மாமாவும் நானும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை?

நீ அனுப்பிய கவுன் வந்தது. என் மகள் அதை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள் நகரவே இல்லை. "சித்தி கை பட்டா தனிதாம்மா" என்றாள். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தைத்துப் போடும் கை என்னுடையது. அது அவள் கண்ணில் படவில்லை.

கழுத்துக்குப் பின்னால் உன் பெயர் போட்ட லேபிள் வேறு! அடியே, ஒரே மாஸ்டரிடம்தானே தையல் பழகினோம்? நீ எடுத்த பட்டன் காஜா கோணல் என்று என்னைத்தானே பிரித்துப் போடச் சொல்வார்? இன்று உனக்கு நகரத்தில் கண்ணாடிக் கடை, நிற்க வைத்து அளவெடுக்க ஆள். இங்கே பழைய சட்டையைத் தூக்கிப் போட்டு, "இதே மாதிரி, கொஞ்சம் லூசா" என்று போய்விடுகிறார்கள். நேற்று வந்த வேலை டிராக்டர் சீட்டுக்கு உறை. எனக்கு வயிறு எரியாதா? எரிகிறது, போ.

விஷயத்துக்கு வருகிறேன். கவுன் அவளுக்கு இடுப்பில் பிடிக்கிறது. போன லீவில் நீ எடுத்த அளவு அது, பெண் வளர்ந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி, மறைப்பானேன். பிரித்துத் தளர்த்தித் தரலாம் என்று திருப்பிப் பார்த்தால், தையலை ஒட்டி நறுக்கியிருக்கிறாய். இங்கே தைக்கிறவள் எவளும் உள்ளே இரண்டு விரல் துணி விடாமல் வெட்டமாட்டாள். வளருகிற பிள்ளைக்கு ஒரே உடுப்பு வருஷக்கணக்காக வர வேண்டும். உன்னிடம் வருகிறவர்கள் உடுப்பு சிறுத்துப்போனால் அடுத்தது வாங்கிவிடுவார்கள். உனக்குப் பழைய பழக்கம் மறந்துபோச்சு.

பக்கத்தில் வேறு துணி வைத்து அகலப்படுத்துகிறேன் என்றேன். "நீ கை வெச்சா கெட்டுப்போயிடும்மா, நானே இளைச்சுக்கறேன்" என்றுவிட்டாள். பள்ளி விழாவுக்கு அதைத்தான் போடுவாளாம். அதிலிருந்து தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். நேற்று வகுப்பில் மயங்கி விழுந்து, டீச்சர் கொண்டுவந்து விட்டுப் போனார். உன் மாமா கத்திப் பார்த்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன். பிடிவாதம் தளரவில்லை.

அதனால் அதே துணியில் ஒரு முழம் அனுப்பு. கூடவே அவளுக்கு இரண்டு வரி எழுது. சின்னதாக வெட்டியது உன் தப்பு, அம்மாவிடம் கொடுத்தால் சரிசெய்வாள் என்று எழுது. அதைவிட முக்கியம், சாப்பிடச் சொல்லு. பெற்றவள் சொல்லி ஒரு வாய் இறங்கவில்லை, நீ சொன்னால் இறங்கும். இதை என் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறதே!

படிப்பு முடிந்ததும் உன்னிடம் வந்து தொழில் பழக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வரச் சொல்லு. அம்மா சரி என்றுவிட்டாள் என்றும் எழுது.

நீ நன்றாக இரு. கடை நன்றாக நடக்கட்டும். என் பிள்ளை சாப்பிட்டால் போதும்.

உன் அக்கா