ரெமி வீட்டு ஞாயிறு விருந்து

டிபிலிசி
18 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நானும் லெவானும் நலம்.

செப்டம்பர் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, என் மாமியார் அங்கே பிரான்சில் வந்து இறங்குகிறார். ஜார்ஜியாவை விட்டு அவர் வெளியே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு நீ இங்கே வந்தபோது, "அடுத்து உன் வீட்டுக்கு நான் வருவேன்" என்று உன் கையைப் பிடித்துச் சொன்னாரே, அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறார்.

பள்ளியில் பௌதிகம் நடத்திய நானுலி அத்தைக்கு நான்தான் பிரெஞ்சு வாத்தியார். வீட்டில் நானும் லெவானும் பேசும் "நீ, வா, போ"தான் அவருக்குத் தெரியும். மேயரைப் பார்த்தாலும் "நீ எப்படி இருக்கே?" என்றுதான் கேட்பார். சாப்பாட்டு மேஜையில் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தால் சூப் ஆறிவிடும். முதல்முறை பிரான்ஸ் வருகிறவர்களுக்கு நீ எடுக்கும் சனிக்கிழமை மரியாதை வகுப்புக்கு அவரையும் கூட்டிப்போ.

இன்னொன்று. கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ரெமி மாமா வீட்டு விருந்துக்கு மட்டும் அவரை அழைத்துப் போகாதே. சீஸின் முனையை வெட்டுவது அங்கே மரியாதை இல்லை என்று தெரியாமல் லெவான் வெட்டித் தின்றதை மாமா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாராம். இவரையும் பார்த்து அப்படிச் சிரித்தால் நான் தாங்கமாட்டேன்.

உன் மகள்,
செவரீன்

*

ஆர்புவா
14 செப்டம்பர் 1998

என் செல்ல செவரீனுக்கு,

உன் மாமியார் பத்திரமாக வந்து சேர்ந்தார். வீடு கலகலவென்று இருக்கிறது.

முதல் நாளே ரொட்டிக்கடையில் நுழைந்து, "அந்த ரொட்டிய குடு" என்றார். கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே வந்ததும் சொன்னேன்: "முதல்ல போன்ழூர்னு வணக்கம் சொல்லணும் நானுலி. சொல்லலேன்னா இங்க யார் கண்ணுக்கும் நீ தெரியவே மாட்டே." மறுநாள் முதல் ஒரே போன்ழூர் மழைதான். மருந்துக்கடை வரிசைக்கு, ஆற்றில் மீன் பிடிப்பவர்களுக்கு, பக்கத்து வீட்டு நாய்க்கு!

வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "சாப்பிடறப்ப கை ஏன் மேஜை மேல இருக்கணும்?" என்று கேட்டார். "மடியில இருந்தா அது என்ன பண்ணுதுன்னு மத்தவங்க யோசிப்பாங்க" என்றேன். "எங்க ஊர்ல கை எப்பவும் கிளாஸ்லதான் இருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது." வகுப்பே சிரித்து உருண்டது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ரெமி விருந்து விஷயத்தில் நீ சொன்னபடியே செய்துவிட்டேன். "குடும்பச் சொத்து பத்திப் பேசப்போறோம், உனக்குச் சலிப்பா இருக்கும்" என்றேன். நம்பிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

முத்தங்களுடன்,
அம்மா

*

ஆர்புவா
1 அக்டோபர் 1998

செவரீன்,

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெமி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் நானுலி! கையில் துண்டு சுற்றிய தட்டு. சொத்துப் பேச்சு என்றால் யாருக்கும் சமைக்க நேரம் இருக்காதே என்று நினைத்து, சீஸ் அடைத்த ரொட்டி சுட்டு, கடைக்காரியிடம் வழி கேட்டு நடந்தே வந்திருக்கிறார். வாசலில் நின்றபடி எல்லோருக்கும் போன்ழூர் சொன்னார். பிறகு மேஜையைப் பார்த்தார். பூக்கள், ஒயின், வறுத்த வாத்து, சிரித்துக்கொண்டிருந்த முகங்கள்.

"யாரு அக்கா இவங்க?" என்று ரெமி கேட்டான்.

என் சம்பந்தி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாய் சொன்னது: "என் வகுப்புக்கு வர்ற ஒரு பயணி."

"ஓகோ, அக்காவோட மாணவியா! அப்ப ஒரு பரீட்சை வச்சிடுவோம். இந்தச் சீஸ எப்படி வெட்டணும், சொல்லுங்க பாப்போம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானுலி தட்டைக் கீழே வைத்தார். கத்தியை எடுத்து, முனையைத் தொடாமல், பக்கவாட்டில் அழகாக ஒரு துண்டு வெட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரியா, மேடம்? உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் வாயிலிருந்து "நீங்கள்" வந்தது அப்போதுதான் முதல் தடவை.

உட்கார நாற்காலி இல்லை. என்னுடையதைக் கொடுத்திருக்கலாம். நான் எழவில்லை, செவரீன். உன் கல்யாணத்தில் என்னை நடு இடத்தில் உட்காரவைத்து எனக்காகவே வாழ்த்துச் சொன்ன பெண் அவர். அவர் போன பிறகு அந்த ரொட்டியை எல்லோரும் புகழ்ந்து புகழ்ந்து தின்றார்கள். நான் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

இரவு மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க ரொம்பக் களைச்சிருக்கீங்க மேடம், தூங்குங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் காலையில் "போன்ழூர் மேடம்"தான். ரயிலடியில் கட்டிப்பிடிக்கப் போனேன். கை நீட்டினார்.

ஊருக்கெல்லாம் மரியாதை சொல்லித்தருகிறவள் நான்.

அம்மா

*

டிபிலிசி
18 அக்டோபர் 1998

அம்மா,

உன் கடிதம் அத்தை வந்த பிறகுதான் கிடைத்தது. அதனால் அவர் வந்த அன்று எனக்கு எதுவும் தெரியாது.

உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அத்தை எழுந்து உன் வீட்டுக்காக வாழ்த்துச் சொன்னார். உன் சமையல், உன் தோட்டம், ஆற்றங்கரை, எல்லாவற்றையும் சொன்னார். லெவான் கேட்டான்: "அவங்க குடும்ப விருந்துல உன்னையும் உட்கார வச்சாங்களாம்மா?"

"பின்ன? நடுவுல உட்கார வச்சாங்க. நம்ம ரொட்டியத்தான் எல்லாரும் பாராட்டினாங்க."

மாமாவைப் பற்றி நான்தான் தேவையில்லாமல் பயந்துவிட்டேன் என்று அன்று சந்தோஷமாகப் படுத்தேன். பத்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது.

அவரோடு ஒரே மேஜையில் என்னால் சாப்பிட முடியவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி அடுப்படியிலேயே நின்றுகொள்கிறேன். உன்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி? உன் வாயில் அந்தப் பொய்யைப் போட்டதே நான்தான்.

செவரீன்

*

ஆர்புவா
5 நவம்பர் 1998

என் கண்ணே,

போன ஞாயிறு ரெமியிடமும் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"தாயும் மகளும் சேர்ந்து என்னைப் பத்தி இப்படித்தான் நெனச்சு வச்சிருக்கீங்களா? சம்பந்தியம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் நாற்காலியையே குடுத்திருப்பேனே! அந்தம்மா எதுக்கு என் கேலிக்கு நிக்கணும்? இனிமே நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பழத்தட்டு வருவதற்குள் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு அங்கே வரட்டுமா? நானுலியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். அவரிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்றாலும் அப்படியே எழுது.

அம்மா

*

டிபிலிசி
24 நவம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

கேட்டேன். அதற்கு முன் என் பங்கையும் சொல்லிவிட்டேன். அத்தை அடுப்படியில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தெரியும். உங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சொத்து சொத்துன்னு சொல்றப்பவே காது சிவந்துபோச்சு. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அங்க போய் நின்னதும் புரிஞ்சுது. உன்ன விட்டா வேற யாரு?"

"அப்புறம் ஏன் அத்தை லெவான்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அவன் பொண்டாட்டிய அவன் முன்னாடியே தலை குனிய வைக்கவா? நல்லா இருக்குடி!"

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. உடைக்கச் சொல்லி ஒரு கை வால்நட்டை என் பக்கம் தள்ளினார். அன்று இரவு லெவானிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று முதல் அவன் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

நீ வருவதைப் பற்றி அத்தை சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

"இப்ப வரவேண்டாம். எனக்குக் கோவம் இன்னும் ஆறல. மனசுல கோவத்த வச்சுக்கிட்டு கிளாஸ் தூக்கி வாழ்த்துச் சொன்னா அது பொய்யாயிடும். ஒரு தடவை பொய் வாழ்த்து சொன்னதே போதும். ஆறினதும் நானே எழுதறேன்."

எப்போது ஆறும் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. டிக்கெட் வாங்க வேண்டாம், அம்மா.

உன் மகள்,
செவரீன்