மானிட்டருக்கு அடியில் இருந்த நாவல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் நலம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அது பழைய நினைவுகள் அனைத்தையும் துறந்து புதிதாகப் பிறந்தது. துறக்க வைத்தவன் நான்.

ஆன் செய்தால் இருபது நிமிஷம் ஆகிறது, அதற்குள் நான் பாத்திரம் கழுவி முடித்துவிடுகிறேன் என்று போன மாதம் சொன்னதற்கு, "ஹார்ட் டிஸ்கை பார்மட் பண்ணி ஓஎஸ்ஸை மறுபடி போடுங்கப்பா, முதல்ல பேக்கப் மட்டும் எடுத்துடுங்க" என்றாய். எனக்கா சொல்ல வேண்டும்? முப்பத்திரண்டு வருஷம் ஆவணக் காப்பகத்தில் இருந்து, ஒரு துண்டுச் சீட்டுகூடத் தொலைக்காமல் ஓய்வு பெற்றவன். அம்மாவின் நாவல் திரையில் அத்தியாயத்துக்கு ஒரு சின்னமாக, இருபத்தேழும் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டியாக ஓர் அம்புக்குறி. எடுத்துப் போகத் தயார் என்பதற்கு அடையாளம் போலும் என்று எண்ணி, அத்தனையையும் பென் டிரைவில் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆறு வருஷ உழைப்பு இவ்வளவு கொஞ்ச இடத்தில் அடங்கியதைப் பார்த்து, பென் டிரைவ் செய்தவர்களை மனதுக்குள் மெச்சினேன். தேதி எழுதிச் சீட்டும் ஒட்டினேன். பிறகு பார்மட். வேகமாக அழிக்கவா, முழுதாக அழிக்கவா என்று கேட்டது. நான் எதிலும் அரைகுறை வேலை செய்ததில்லை என்பது உனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுதாக அழித்தேன்.

புது ஓஎஸ் பிரமாதமாக வந்தது. அம்மாவின் அத்தியாயங்கள்தான் ஒன்றும் திறக்கவில்லை. இருவரும் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பென் டிரைவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், வீட்டை இடிச்சுட்டு வாசல்ல இருந்த பேர்ப்பலகையை மட்டும் பத்திரமா எடுத்துட்டு வந்திருக்கீங்க. இது வெறும் ஷார்ட்கட், பைல் எங்க இருக்குன்னு காட்டுற குறி. முழுசா வேற அழிச்சுட்டீங்க, இனி யார் தேடினாலும் கிடைக்காது" என்றார். வீட்டுக்குப் போனதும் அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்து இரண்டு மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "ஆறு வருஷம்ங்க" என்றாள்.

அப்புறம்தான் அவளுக்கு ஓர் அச்சுப் பிரதி இருப்பது ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் முதல் பதினாறு அத்தியாயங்களை அச்செடுத்து, பழுப்புத் தாளில் சுற்றி டேப் ஒட்டி, படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லும்படி என்னிடம் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன். லீவுக்கு வந்த நீயும் வாங்கிப் போய், "ஒரே மூச்சுல படிச்சேன்மா, முடிவுதான் டாப்" என்றாய். எனக்குக் கழுத்து வலி என்றதும் அதை மானிட்டருக்கு அடியில் உயரத்துக்கு வைத்தவளும் நீதான். மானிட்டரைத் தூக்கி எடுத்தோம். டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்து, "பிரிக்காமலே படிச்சிருக்கீங்க, அப்பாவும் பொண்ணும். இந்தப் பதினாறுல முடிவே கிடையாதே" என்றாள். நீ படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருப்பாய் என்று உனக்காக வாதாடினேன், எடுபடவில்லை. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. எதற்காக வந்த தண்ணீர் என்று நான் விசாரிக்கவில்லை.

தீர்ப்பு மறுநாள் வந்தது. தினமும் பத்துப் பக்கம் நான் டைப் அடிக்க வேண்டும். ஆக, அந்த நாவலை இப்போதுதான் படிக்கிறேன். உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. நேற்று ஓரிடத்தில் அடிப்பதை மறந்து படித்துக்கொண்டே போய்விட்டேன். "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று சமையலறையிலிருந்து குரல். கதையில் ஒரு கணவன் வருகிறான், கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டு ஒட்டுகிறவன். இப்படி ஓர் ஆளை அவள் எங்கே பார்த்தாளோ. கடைசியில் அவன் என்ன ஆகிறான் என்று கேட்டேன். அழிந்துபோன பதினோரு அத்தியாயங்களில் சௌக்கியமாகத்தான் இருந்தானாம். இப்போது புதிதாக எழுத வேண்டியிருப்பதால் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். நான் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்து வருகிறேன்.

இதுவரை டைப் அடித்து முடித்த ஒன்பது அத்தியாயங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். உன்னிடம் ஒரு பிரதி, மாப்பிள்ளையிடம் ஒரு பிரதி என்று சேமித்து வையுங்கள். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, ஒற்றுமையாக, நிறைவாக வாழ எங்கள் ஆசிகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்வாள். கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள், மொத்தம் பதினான்கு. எட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்துதான். அதில் ஒரு மகள் வருகிறாள். அவள் கதியும் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
இன்றைய பத்துப் பக்கத்தை முடித்துவிட்ட
உன் அப்பா