பைக்குள்ளே ஒரு தென்னை மரம்

2024 ஜனவரி 9, செவ்வாய்

காலையிலிருந்து டீவியில் ஒரே மாலத்தீவு. அவர்கள் நம்மை இளக்காரமாகப் பேசினார்களாம், நம் ஆட்கள் டிக்கெட்டை ரத்து செய்கிறார்களாம். நம் பட்டாளம் கிளம்ப வேண்டும் என்கிறார்களாம், சீனா பக்கம் சாய்கிறார்களாம். யார் எந்தப் பக்கம் சாய்ந்தால் எனக்கென்ன? என் மகள் அங்கே ஒரு குட்டித் தீவில் கணக்கு டீச்சர். எனக்கு அதுதான் கவலை.

சாதியாவுக்கு போன் போட்டேன். இங்கே ஒன்றுமில்லை உம்மா, மீன் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். இவர் போனைப் பிடுங்கி, வழக்கம்போல ஒரே கேள்வி, "எப்ப வருவே?" அந்த ஊர்ப் பெயரை இவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'அங்க' என்பார், அவ்வளவுதான்.

மகன் ஆஷிக் சோபாவில் படுத்தபடி தீர்ப்பு சொன்னான். "உம்மா, அந்த தேசம் மொத்தமா சேத்தாலும் நம்ம தாராவி அளவு பப்ளிக் இல்ல. நம்மகிட்ட வம்பு இழுக்குதாங்க."

"அப்போ நம்மள மாதிரிதான்னு சொல்லு" என்றேன். போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜனவரி 12

இவர் தன் பை தைக்கிற கார்கானாவுக்கு ஓர் ஆர்டர் பிடித்து வந்திருக்கிறார். மாஹிமில் டூர் நடத்தும் ஒருவர். துணிப்பை, அதன்மேல் ஒரு தென்னை மரம், மரத்தின் குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி, கீழே இங்கிலீஷில் 'மாலத்தீவு வேண்டாம்'.

ஏங்க, நம்ம பிள்ளை சாப்பிடுகிற சோறு அந்த ஊர்ச் சோறு இல்லையா என்று கேட்டேன். வேலை வேறு, பிள்ளை வேறு என்கிறார். ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தார், அது மட்டும் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 6

டீவியில் வேறு சண்டை வந்துவிட்டது. மாஹிம்காரர் போனே எடுப்பதில்லை. அச்சடித்த துணி மூட்டையாக மூலையில் கிடக்கிறது. எலி ஏறி விளையாடுகிறது.

மார்ச் 2

சாதியா இன்றைக்குச் சிரித்துக்கொண்டே பேசினாள். அவள் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பை வேண்டுமாம். சைனா பை மலிவாக வருகிறது என்று ஆபீசில் ஒருவர் சொல்ல, இவள் எழுந்து நின்று, எங்க வாப்பா தைக்கிற பை மூணு வருஷம் உழைக்கும் என்று அடித்துப் பேசி ஆர்டரை வாங்கியிருக்கிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிஷத்தும் இவளை நம்பிச் சரி என்றாராம்.

இவருக்குக் கால் தரையில் இல்லை. நல்ல ரெக்ஸின், நல்ல ஜிப். வெட்டுகிற வேலையை யாரிடமும் கொடுக்காமல் தானே வெட்டுகிறார். எனக்கு இரண்டு முறை டீ போட்டுக் கொடுத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நடக்காத அதிசயம்.

மார்ச் 16

தூத்துக்குடி போய்க் கப்பலில் ஏற வேண்டிய பைகள் இன்று கிளம்பிவிட்டன. துஆ செய்து அனுப்பினோம்.

பைக்கு உள்ளே கொடுக்கும் துணியை அஸ்தர் என்போம். அதற்கு இவர் அந்த மூலை மூட்டையை வெட்டிவிட்டார். தைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன். அச்சை ரெக்ஸின் பக்கம் திருப்பித் தைத்தால் எவனுக்குத் தெரியும், நல்ல காட்டன் துணியை எலிக்கா கொடுப்பது என்கிறார். தாராவியில் எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் யாருக்கு இருக்கிறது? பையைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மே 28

அல்லாஹ்வே.

அங்கே மழை தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் தோணியில் வந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறவர்கள். பை உள்ளே வரை நனைந்து, வெள்ளைத் துணிக்குள்ளிருந்து தென்னை மரம் எழுந்து வந்திருக்கிறது. குறுக்கே சிவப்பு. எழுத்துகூடக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறித் தெரிகிறதாம். துணி நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லையே! கடலை மாஹிம் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

சாதியா படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். "சைனா பை வேணாம்னு சொன்னதே நான்தான் உம்மா. எங்க வாப்பான்னு பெருமை அடிச்சேன். இப்ப எந்தப் பிள்ளை மூஞ்சிய நான் பாப்பேன்?"

பெற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போடப் போகிறார்களாம். அவளை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதும் அடுத்த மாதம்தான் முடிவாகும்.

இவர் சாப்பிடவில்லை.

ஒன்றை எழுதிவிடுகிறேன். இவருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் படிக்க வராது, அதனால் தைரியம். வேலை போனால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாளே என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது. சே, என்ன பெத்தவ நான்!

மே 29

இவர் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸை வீடியோவில் கூப்பிடச் சொன்னார். சாதியா போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு சீரியல் பார்த்துப் பார்த்து நல்ல இந்தி. எங்களைவிடச் சுத்தமாகப் பேசுகிறார்.

இவர் சுற்றி வளைக்கவில்லை. அச்சடித்ததும் நான், தைத்ததும் நான், மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவர் ஒன்றே ஒன்று கேட்டார், உங்களுக்கு எங்கள் மேல் கோபமா என்று. கோபம் எல்லாம் டீவியில்தான் மேடம், எனக்குத் துணி வீணாகக் கூடாது என்ற புத்தி, அவ்வளவுதான் என்றார் இவர். பெற்றவர்களிடம் இதை அப்படியே சொல்கிறேன் என்றார் அந்த அம்மா. பைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னோம். நாளைக்குப் பிள்ளைகள் எதைத் தூக்கிக்கொண்டு வரும் என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

இருபத்தெட்டு வருஷத்தில் இவர் மன்னிப்புக் கேட்டு இன்றைக்குத்தான் பார்த்தேன். என்னிடம் கேட்க வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது, போகட்டும். இன்றைக்கு இவரை ரொம்பப் பிடித்திருந்தது.

ஜூன் 17, பக்ரீத்

பிரியாணி தம்மில் இருக்கும்போது சாதியா போன். இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்கிறார்களாம். சந்தோஷமாக அழுதேன், சந்தோஷமில்லாமலும் அழுதேன். இவர் இறைச்சிப் பங்கு கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பியவர், பையை எடுக்காமலே போய்விட்டார்.

ஆகஸ்ட் 11

தீவிலிருந்து பார்சல். நாங்கள் தைத்த பைதான், ஒன்று. அங்குள்ள தாய்மார்கள் கூடி உட்கார்ந்து எல்லாப் பையிலும் எங்கள் அஸ்தரைப் பிரித்தெடுத்துவிட்டு, பிள்ளைகளின் பழைய யூனிபார்ம் துணியை வைத்துத் தைத்திருக்கிறார்கள். மாதிரிக்கு ஒன்று இவருக்கு.

இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். "தையல் கோணலா இருக்கு" என்றார். அதற்கப்புறம் வெகுநேரம் அந்தத் துணியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை.

2025 ஜூலை 27, ஞாயிறு

நேற்றும் இன்றும் டீவியில் மறுபடி மாலத்தீவு. இந்த முறை நம் பெரியவர்கள் அங்கே விருந்தாளி, ரோடு முழுக்க இரண்டு கொடி. நல்லா இருக்கட்டும். தாராவியை இடித்துக் கட்டப் போகிறோம் என்று வீட்டு நம்பர் எழுத வந்தவர்களும் இப்படித்தான், எங்களைக் கேட்டு எதையும் செய்வதில்லை.

மத்தியானம் கொட்டுகிற மழையில் மாஹிம்காரர் வந்து நின்றார். ஒன்றுமே நடக்காத முகம். அதே பை, அதே தென்னை மரம், பெருக்கல் குறியை மட்டும் எடுத்துவிட்டு 'வாருங்கள் மாலத்தீவுக்கு' என்று போட வேண்டுமாம்.

இவர் ஆணியில் மாட்டியிருந்த அந்தத் தீவுப் பையை எடுத்து வந்தார். தினமும் அதில்தான் சாப்பாடு கொண்டு போகிறார். உள்பக்கத்தைப் பிதுக்கி அவரிடம் காட்டினார். "இந்த அஸ்தர் பாத்தீங்களா சேட்? என் மக ஊர்க்காரங்க தச்சது. நீங்க வேற கார்கானா பாருங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு போனார்.

சாயந்திரம் சாதியாவுக்கு இவரே போன் போட்டார். எப்ப வருவே என்று கேட்கப் போகிறார், நானும் காதைக் கொடுத்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டார்:

"ஒங்க ஊர்ல மழையாம்மா?"