பளபளக்கும் பக்கம்

நாள் 211, 09:10

நிலவின் தென்முனை, நிலையம் மூன்று. எழுதுபவன் ஏகாம்பரம், வயது அறுபத்தொன்பது, ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். கரியமிலவாயு 0.3 விழுக்காடு. வெப்பம் 22. நீர்த்தொட்டி இரண்டும் நிறைந்திருக்கின்றன. அளவுகளை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை தேவையில்லை என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

நிலையத் தலைவர் தளவாய் பனிக்கட்டி மாதிரி எடுக்க ஊர்தியில் கிளம்பினார். நூற்று நாற்பது கிலோமீட்டர். நான்கு நாளில் திரும்புவார். இங்கே இருப்பது நாங்கள் இருவர்தான். கிளம்புமுன் கேமராவைப் பார்த்து முடியைச் சீவிக்கொண்டார், தலைக்கவசம் போடப்போகிற மனிதர். இதை அவரிடம் சொல்லவில்லை. என்னைவிட இருபத்தெட்டு வயது சிறியவர், ஆனால் தலைவர்.

நாள் 212, 15:50

14:35-க்குச் சூரியப் புயல். பூமித் தொடர்பு அறுந்துவிட்டது. காற்று இயந்திரத்தின் கட்டுப்பாட்டு நினைவகம் அழிந்துவிட்டது. இயந்திரத்தின் உடம்பில் பழுதில்லை, புத்திதான் போய்விட்டது. எங்கள் நிர்வாகத்தில் பலர் அப்படியே பதவி உயர்வு பெற்றிருக்கிறார்கள்.

இயந்திரம் நின்றதால் நான் விடும் மூச்சு உள்ளேயே தங்குகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.9 விழுக்காடு ஏறும். நான்கைத் தாண்டினால் சரியாக யோசிக்க முடியாது. எட்டைத் தாண்டினால் யோசிக்கத் தேவையிருக்காது. அடுத்த கப்பல் நாள் 221.

தளவாய் ஒரு பள்ளத்தின் நிழலில் இருந்ததால் தப்பினார். கோபுர வானொலி வேலை செய்கிறது. அவர் சொன்னது:

“என்ன வே பேராசிரியரே, உயிரோட இருக்கீரா? மெஷின் எப்படி நின்னுச்சு? நீரு எதையாவது தொட்டீரா?”

தொடவில்லை என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அரைமணி நேரம், தொட்டேனோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாள் 213, 10:20

கரியமிலவாயு 1.0.

இயந்திரத்துக்கான நிரலின் மூலப்பிரதி ஓர் ஒளிவட்டில் இருக்கிறது. புயல் அதை ஒன்றும் செய்யாது. அதன் எழுத்துகள் மின்சாரத்தில் இல்லை, நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கின்றன. ஈய அலமாரிக்குள் அணைத்து வைத்திருந்த மேசைக் கணினி ஒன்றும் தப்பியிருக்கிறது. வட்டைப் படிக்கும் இயக்கி மட்டும் அந்தக் கணினிக்குள் இல்லை. தனி அட்டைப்பெட்டியில், பிரிக்கப்படாமல், ரசீதோடு கிடக்கிறது.

வாங்கும் குழுவில் பதினோரு பேர். நிலவுக்குப் போகும் கணினியில் இயக்கியைப் பூமியிலேயே பொருத்தி அனுப்பலாம் என்று பதினொன்றில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை. பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்: ‘பொருத்துவது மிக எளிது.’ படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பொருத்துகிறாள். அவளுக்கு மூச்சு முட்டவில்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் மின்காந்தவியல் நடத்தியிருக்கிறேன். ஒரு கணினியின் மூடியைத் திறந்ததில்லை. இதைத் தளவாயிடம் சொல்லியிருக்கக் கூடாது.

“நாலு திருகு வே அது! ஆறாங்கிளாஸ் புள்ள மாட்டிரும். டாக்டர் பட்டத்த எங்க வச்சு வாங்குனீரு? ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டுச் சொல்லும்.”

நாள் 214, 13:15

2.0. லேசான தலைவலி.

இரண்டு மணி நேரம் அல்ல, இருபது மணி நேரம் ஆயிற்று. வரிசையாக எழுதுகிறேன். இனி யாராவது இதைச் செய்ய நேர்ந்தால் உதவும்.

மின்கம்பியைப் பிடுங்கினேன். பிடுங்கியாயிற்றா என்று பார்த்தேன். இங்கே காற்று மிக உலர்ந்தது, விரல்நுனித் தீப்பொறி ஒன்றே சில்லுகளைக் கொன்றுவிடும். அதனால் மணிக்கட்டில் செம்புக்கம்பியைச் சுற்றி, மறுமுனையைக் கணினியின் இரும்புக்கூட்டில் கட்டினேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். முன்முகத்தில் மேல் அறையை மறைத்திருந்த பிளாஸ்டிக் தகட்டை உள்ளிருந்து தள்ளினேன். ஒரு காது உடைந்தது. இயக்கியை முன்புறமாக உள்ளே நுழைத்தேன். பாதியில் சிக்கியது. வெளியே எடுத்தேன், நுழைத்தேன், எடுத்தேன். ஒரு கம்பிக்கட்டு வழியில் கிடந்தது. கண்முன் கிடந்ததைக் காண நாற்பது நிமிடம் ஆனது. நான் ஆராய்ச்சி மாணவர்களைத் தேர்வில் தோற்கடித்தவன்.

நான்கு திருகுகள். மூன்றாவது கோணலாக ஏறிவிட்டது. நிலவின் ஈர்ப்பில் கைதவறிய திருகு மெதுவாகத்தான் விழும், பிடித்துவிடலாம் என்று தோன்றும். பிடிக்க முடியாது.

தகவல் கம்பி, மின்கம்பி இரண்டுக்கும் தலை ‘ட’ வடிவம், தலைகீழாகச் செருக முடியாது. செருக முயன்றேன். பிறகு சரியாகச் செருகினேன். கணினி எழுந்தது. திரையில் இயக்கியின் பெயர் இல்லை. தகவல் கம்பியைப் பக்கத்துப் பொருத்துவாய்க்கு மாற்றினேன். பெயர் வந்தது.

பொத்தானை அழுத்தினேன், தட்டு நாக்கை நீட்டியது. கொஞ்ச நேரம் என்மேல் எனக்கு மரியாதை வந்தது.

நாள் 214, 17:05

அது போய்விட்டது.

வட்டின் உறையைத் திறந்தேன். பளபளக்கும் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும்.

மூன்று வாரம் முன்பு ஆயுதபூசை. தளவாய் அதைப் பூமிக்கு நேரலையாகக் காட்டினார். காற்று இயந்திரத்துக்குப் பொட்டு, ஊர்திக்குப் பொட்டு, கழிவறைக் குழாய்க்குக்கூடப் பொட்டு. வட்டையும் உறையிலிருந்து எடுத்து, எழுத்து அச்சிட்ட பக்கத்தை முதுகு என்றும் பளபளப்பை முகம் என்றும் முடிவுசெய்து, முகத்தின் ஓரமாகப் பெரிய பொட்டாக வைத்தார்.

நான் பக்கத்தில் சூடத்தட்டுடன் நின்றேன். ஒளிக்கதிர் படிக்கும் பக்கம் அதுதான் என்று எனக்குத் தெரியும். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. தலைவரை எல்லோர் முன்னும் திருத்துவதா? பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு மறந்தேன். அந்தப் பொட்டை வைத்தது ஒரு மூடனின் கை. அது தெரிந்தும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கைக்கு இன்னும் மோசமான பெயர் வேண்டும்.

நாள் 215, 09:30

2.8. எழுத்து கோணுகிறது.

முறை எனக்குத் தெரியும். ஈரமான மெல்லிய துணி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில், அழுத்தாமல். தளவாயிடம் அப்படித்தான் சொன்னேன்.

“யோவ், பூ தொடைக்க மாதிரி தொடச்சா விடிஞ்சிரும். வட்டமா அழுத்தித் தேயும் வே. ஹெல்மெட் கண்ணாடிய அப்படித்தான தொடைக்கோம்? எனக்கு இங்க காத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான். ஆராய்ச்சி பண்ணிட்டு இராதயும்.”

தவறு என்று தெரியும். குங்குமத்தில் மணல்போலப் பொடி இருக்கிறது. வட்டமாகத் தேய்த்தால் பொடி எழுத்துகளின் போக்கிலேயே போகும். அவர் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். என் கை எப்படிப் போகிறது என்று அவரால் பார்க்க முடியாது.

வட்டமாகத் தேய்த்தேன்.

நாள் 215, 15:20

இயக்கி படிக்கிறது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் படித்துக்கொண்டு போகிறது. காற்று இயந்திரத்துக்கு இரண்டு அடுக்குகள். முதல் அடுக்குக்கான நிரல் உள்வட்டத்தில் இருந்தது, முழுதாக வந்துவிட்டது. இரண்டாம் அடுக்குக்கானது வெளிவட்டத்தில், கீறல்களுக்குள். ஒன்பது முறை முயன்றேன்.

முதல் அடுக்கு ஓடுகிறது. காற்றின் சத்தம் கேட்கிறது.

ஓர் அடுக்கு என்றால் ஒருவரின் மூச்சு. நான் மட்டும் இருந்தால் அளவு 3.1-இலேயே நிற்கும். இருவர் இருந்தால் கப்பல் வரும் நாளில் 8.5. மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் அதே விடை. அப்படியே அவருக்குச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

நாள் 215, 15:45

அவர் பதில்:

“ஒருத்தருக்குத்தான் காத்தா. சரி விடும், நான் வந்து பாத்துக்கிடுதேன். நீரு ஸ்பேஸ் சூட்ட மாட்டி ரெடியா நில்லும். நான் உள்ள வந்ததும் நீரு ஊர்தில போயி உக்காந்துக்கிடும். என்ன வே, உமக்கும் எழுவது ஆவப்போவுது. எனக்கு ரெண்டு புள்ளைய இருக்கு.”

ஊர்தியில் காற்று ஆறு மணி வரைதான். அதை அவரும் அறிவார். குழாய் மாற்றச் சொல்லும் குரலில் சொன்னார்.

சரி என்று பதில் அனுப்பினேன்.

நாள் 215, 16:50

உடையை அணிந்துவிட்டேன். முத்திரைகளை மூன்று முறை பார்த்தேன். சாகப்போகிறவன் எதற்குக் காற்றுக்கசிவு பார்க்கிறான்? ஆனாலும் பார்த்தேன். இடக்கை உறையில் சிறு கசிவு, சரிசெய்தேன்.

வெளிக்கதவின் மின்தாழும் புயலில் போயிருக்கிறது. உள்ளிருப்பவர் கைச்சக்கரத்தைச் சுற்றினால்தான் திறக்கும். சக்கரத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

17:22

ஊர்தி தெரிகிறது. மிக வேகமாக ஓட்டுகிறார்.

17:31

“வந்துட்டேன். தொறயும்.”

17:33

“என்ன தூங்குதீரா? தொறயும் வே.”

கை சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது. சுற்று என்று சொல்கிறேன். அது கேட்கவில்லை.

17:40

தட்டுகிறார். காற்றில்லாத இடத்திலிருந்து சத்தம் சுவர் வழியாக வருகிறது. இருக்கையில் உணர்கிறேன். தலை கனக்கிறது. கணக்கை நான்காவது முறை போட்டேன்.

17:52

“சார்... சார், ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன் சார். ரெண்டு பேரும் உள்ள இருந்து யோசிப்போம். தொறங்க சார்.”

சார் என்கிறார். யோசிப்போம் என்கிறார். யோசிப்பதற்கு 3.1 இருக்கிறது. இருவர் யோசித்தால் 8.5.

நான் முடியாது என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே எதிர்ப்பு அது.

18:04

தட்டல் இல்லை.

18:40

3.1. ஏறவில்லை.

சன்னல் வழியாகப் பார்த்தேன். வெளிக்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். கால் நீட்டி, வசதியாக. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. கப்பலில் வருகிறவர்கள் முதலில் அவரை நகர்த்த வேண்டும். அதன் பிறகுதான் என்னிடம் வர முடியும்.