நீ அனுப்பிய பெல்ட்டைப் பற்றி

மகளுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம் என்று உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன், சந்தோஷம். இங்கே உன் அம்மா சௌக்கியம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை எல்லாரும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், என்னைத்தான் யாரும் கேட்கவில்லை. போனில் பேசலாம், ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உன் அம்மா அதற்குப் பொழிப்புரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் இரும்பு அலமாரியை நான் தனியாக நகர்த்தியது உனக்குத் தெரியும், ஏன் தனியாக என்று நீ கேட்டதில்லை. பக்கத்து அறையில் அட்டெண்டர் சும்மாதான் இருந்தார். ஊழியர் சங்கத் தேர்தலில் என்னைத் தோற்கடிக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர். அவரிடம் போய்க் கொஞ்சம் கை கொடுங்கள் என்று கேட்பதைவிட முதுகு போவது மேல் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அலமாரி ஒரு முழம் நகர்ந்தது, நான் மடங்கியபடி அங்கேயே நின்றுவிட்டேன். அவர்தான் வண்டி பிடித்து வந்தார் என்று உன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நீ அனுப்பிய இடுப்பு பெல்ட் வந்தது. அதை நான் நாள் முழுக்கப் போட்டேன், தூங்கும்போதும் போட்டேன். பிசியோதெரபி பார்க்கும் பெண் உன் வயதுதான் இருக்கும், பார்த்ததும் திட்டினாள். "யாரு சார் உங்கள ராத்திரியும் போடச் சொன்னது? பெல்ட்டு பாத்துக்கும்னு இடுப்புத் தசையெல்லாம் லீவு போட்டுடுச்சு. கழட்டிட்டு நடங்க" என்றாள். யாரும் சொல்லவில்லை, நீ அனுப்பியது என்பதால் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லாமல் கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் கழற்றிவிட்டேன், உன்னிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை. உன் வீடியோ கால் வந்தால் உன் அம்மா உள்ளேயிருந்து "ஏங்க, பெல்ட்டு, பெல்ட்டு" என்று கத்துவாள், நான் அவசரமாகச் சட்டைமேல் சுற்றிக்கொண்டு வந்து நிற்பேன். நீயும் "இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கீங்களாப்பா" என்று திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து கேட்பாய். உன் மனம் நோகக்கூடாது என்று நான் பார்த்தால், நீ என்னை முடமானவன் என்றே முடிவு கட்டிவிட்டாய்.

போன வாரம் உன் மாமா விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். "எல்லாம் உங்க பொண்ணு ஏற்பாடுதான் மச்சான். அங்க போய்ப் பேத்தியப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க, இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். நாம் வீடு மாறியபோது ஒரு நாற்காலியைத் தூக்கக்கூட வராத மனிதர், இப்போது என் முதுகுக்காக உருகுகிறார். உன் அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. பெல்ட் வெறும் வேஷம் என்று தெரிந்தும் அவள் உன்னிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் பேத்தியைப் பார்க்கவேண்டும், அதை என்னிடம் நேரே கேட்டிருக்கலாம்.

குணமாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். காலையில் பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றித்தான் எழுகிறேன். சில நாள் மாடிப்படியில் இடது கால் மரத்துப்போகிறது, மாணவர்கள் கவனிக்காதபடி அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றுகொள்கிறேன், ஒரே அறிவிப்பை எத்தனை முறைதான் படிப்பது. ஆனால் நடந்தால் வலி விடுகிறது, படுத்தால் பிடிக்கிறது. வேலை இருப்பதால்தான் எழுந்து நடக்கிறேன். உன் வீட்டு சோபாவில் என்னை உட்காரவைத்தால் அப்புறம் அதிலிருந்து எழமாட்டேன், எனக்கு வலியைவிட அதுதான் பயம். விடுமுறைக்கு வருகிறேன், இருந்துவிட்டுத் திரும்புகிறேன். உன் அம்மா முன்னாலேயே வருவதென்றால் வரட்டும், நான் பிடித்துவைக்கவில்லை. அடுத்த முறை திரையில் பெல்ட் இல்லாமல் வருவேன், பதறாதே, அதைத் தூக்கிப் போடவில்லை, என் சட்டைகளோடு மடித்து வைத்திருக்கிறேன்.

நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, நடுநடுவே எழுந்து நட. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், வேறென்ன கேட்கப்போகிறேன். குழந்தையை இடுப்பை வளைத்துத் தூக்காதே, முட்டியை மடக்கி நெஞ்சோடு சேர்த்துத் தூக்கு, மறந்துவிடாதே. உன் மாமா கொண்டுவந்த தாள் இன்னும் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது, பறக்காமலிருக்க உன் அம்மா உப்பு டப்பாவை அதன்மேல் வைத்திருக்கிறாள். அது அங்கே கிடக்கும்வரை எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை, இந்தக் கடிதத்திலும்தான். இப்படியே உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிவரை நானே நடந்துபோய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன்.