அத்தைக்குச் செய்த கடைவாய்ப் பல்

விருத்தாசலம்,
11.2.2007

அன்புள்ள மாமாவுக்கு அனுசியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அம்மா, நம் மகள் இளமதி மூவரும் நலம். மஸ்கட்டில் குளிர் விட்டதா? முதுகு வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அது பெட்டியிலேயே தூங்குகிறதா?

முதலில் நல்ல சேதி. ஜெயித்துவிட்டேன்! ஜங்ஷன் ரோட்டுப் பல் லேபில் வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு நிரந்தர வேலை. இந்த வேலை கிடைத்தால், மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்காதீர்கள்.

நடந்ததைக் கேளுங்கள். உடைந்த பல்லுக்கு மேலே மாட்டுகிற செராமிக் பல்லை, நானே ஆள் பிடித்து இரண்டு பேருக்குச் செய்து காட்ட வேண்டும், அதுதான் தேர்வு என்று லேப் முதலாளி சக்கரபாணி சார் சொல்லிவிட்டார். முதல் பல்லிலேயே கோட்டை விட்டேன். பதினெட்டு வருஷம் செராமிக் கம்பெனியில் நான் என்ன வேலை பார்த்தேன்? பொம்மையில் பிசிறு தெரிந்தால் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதானே! கை சும்மா இருக்குமா? பல்லின் மேலே தூக்கிக்கொண்டு நின்ற நாலு முனையையும் பிசிறென்று துடைத்துத் தள்ளிவிட்டேன். சார் அதை வாங்கிப் பார்த்து, "ஏம்மா, இது பல்லா கூழாங்கல்லா? இத வச்சிக்கினு அந்தாளு எப்படி மெல்லுவாரு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மானமே போயிற்று.

அந்த முனைக்குக் 'கஸ்ப்' என்று பெயராம். அழுதுகொண்டே வீட்டில் வந்து சொன்னேன். இளமதி அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறைநிலாவின் கொம்பு நுனிக்கும் அதே பெயராம். இதயத்தில் ரத்தம் திரும்பி வராமல் மூடுகிற இதழுக்கும் அதுதானாம். அவள் காலேஜ் கணக்கில் ஒரு கோடு கூராக வந்து முட்டித் திரும்புகிற இடமும் கஸ்ப்தானாம். கடைசியில் சொன்னாள் பாருங்கள், ஜோசியத்தில் ஒரு வீடு தொடங்குகிற விளிம்பையும் அப்படித்தான் சொல்வார்களாம். உடனே உங்கள் அம்மா, "அதான் ஜோசியர் அப்பவே சொன்னாரே, இவ ராசி சந்தியில பொறந்தவ, எதுலயும் நெலைக்க மாட்டான்னு" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! "பல்லுக்கு வேலையே அந்த முனையிலதான் அத்தை, அது இல்லன்னா சோறு எறங்காது" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

அடுத்த தொல்லை, இரண்டாவது பல்லுக்கு ஆள் கிடைக்கவில்லை. கூழாங்கல் கதை ஊரெல்லாம் பரவி, எவரும் வாய் தர மாட்டேன் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஆளைக் கொண்டு வராவிட்டால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வேன் என்று சாரும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால் உங்கள் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரூட் கேனால் செய்துவிட்டு, மேலே கேப் போடாமல் இழுத்தடித்தார்களே, அந்தக் கடைவாய்ப் பல்லுக்குத்தான்! "எம் வாயிலயே வையி. சரியா வரலன்னா பல்லில்லாமலே உன்னத் திட்டிக்கிறேன்" என்றார்கள்.

செராமிக் மாவைக் குழைத்து, பிரஷ்ஷால் முனை முனையாக ஏற்றினேன். சூளையில் வெந்தால் சுருங்கும், அதற்கு எவ்வளவு பெரிதாக ஏற்ற வேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஸ்பாஞ்சை இளமதியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

நேற்று டாக்டர் பல்லை மாட்டி, நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். பட வேண்டிய இடத்தில் மட்டும் அச்சுப் பிசகாமல் நீலப் புள்ளி! ராவித் தேய்க்கிற வேலையே இல்லை என்று சக்கரபாணி சார் கை தட்டினார். அதற்குள் உங்கள் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து வறுத்த மல்லாட்டைக் கடலையை எடுத்தார்கள். டாக்டர் ஐயோ ஐயோ என்று பதற, கடுக்கென்று கடித்து மென்று விழுங்கிவிட்டு, "எம் மருமவ கைக்காரிதான்" என்றார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மாமா, ஏழு வருஷமாகப் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பினீர்கள். குறை சொல்லவில்லை. எனக்கு ஆள்தான் வேண்டும். அத்தையும் இதையே எழுதச் சொன்னார்கள். தான் சொன்னதாக எழுதாதே என்றும் சொன்னார்கள்.

பங்குனிக்குள் வந்து சேருங்கள். வராவிட்டால் கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் பேரிலேயே பிராது எழுதிக் கட்டிவிடுவேன். சாமி விசாரிக்க ஆரம்பித்தால் உங்கள் முதலாளியே டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவைப்பார்.

பழமலைநாதர் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
அனுசியா