மாற்றாத பேக்கிங்

ஆகஸ்ட் 18, திங்கள்

சிங்காரு, ஊர் முன்னால் ஒருநாளும் உன் பேரைச் சொன்னதில்லை. நோட்டில் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள். நீ போய் நாற்பத்து மூன்று நாள்.

மாப்பிள்ளை அழைப்புகளுக்கு நீ வாடகைக்கு ஓட்டின கல்யாண வண்டி ஆயில் ஒழுகுகிறது. அடியில் கை வைத்தேன், சளி மாதிரி கொழகொழவென்று ஒட்டியது. பெரம்பலூர் மெக்கானிக் ராஜதுரை படுத்துப் பார்த்தான். "ஆயில் சம்ப்பு, அதான் இஞ்சினுக்கு அடியில இருக்குற தொட்டி, அதக் கசியாம அடைக்கிற பேக்கிங் போச்சுக்கா. வெளிநாட்டு வண்டி, இஞ்சினத் தூக்குனாத்தான் சம்ப்பு வெளிய வரும். ஒத்த ஆளு வேல இல்ல."

ரெண்டு வருஷம் முன்னால்தானே நீயே மாற்றினாய்? புது பேக்கிங் போட்டேன் என்று என்னைத் தேங்காய்கூட உடைக்கச் சொன்னாய்.

28-ஆம் தேதி ஆண்டிமடத்தில் மாப்பிள்ளை அழைப்பு. பெண்ணின் அப்பா அரியமுத்து கையால் வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டுப் போய்விட்டாய். நீ செத்தால் வாக்கும் செத்ததா? வண்டி போகும்.

ஆகஸ்ட் 20, புதன்

உன் தம்பி மணிமாறன் வந்தான். "தாலி எறங்குன வூட்டு வண்டியில எவன் அண்ணி மாப்பிள்ளைய ஏத்துவான்? இரும்புக்கடைக்குத் தள்ளி வுடுங்க." வடை தின்ற கையை உன் சீட்டில் துடைத்தான். தூ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டியை நேற்றே ராஜதுரை பட்டறைக்கு அனுப்பியிருந்தேன், இன்று பார்க்கப் போனேன். ராஜதுரை டீ குடிக்கப் போயிருந்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் சம்ப் விளிம்பெல்லாம் ஓட்டை அடைக்கிற பேஸ்ட். புண்ணில் சீழ் கட்டின மாதிரி. வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பேக்கிங் மாத்துறேன்னுட்டு பேஸ்ட்ட அப்பி வெச்சிருக்கியேடா! செத்தவன் வண்டின்னா அம்புட்டு எளக்காரமா?" பட்டறையே வேடிக்கை பார்த்தது. அவன், "நான் இன்னும் ஒரு போல்ட்டுகூட தொடலக்கா. நாளைக்கு வாங்க, உங்க கண்ணு முன்னாலயே கழட்டுறேன்" என்றான். திருட்டு முழி.

ஆகஸ்ட் 23, சனி

மூன்று பேர் சங்கிலி போட்டு இஞ்சினைத் தூக்கினார்கள். சம்ப் இறங்கியது. ராஜதுரை சுரண்டினான். கறுப்பு பேஸ்ட், அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் கல்லாய்க் காய்ந்த சாம்பல் நிறம். உள்ளே பேக்கிங் அப்பளமாக நொறுங்கியது. "இது கம்பெனி போட்டதுக்கா. ஒருதரமும் கழட்டல. அண்ணன் வெளியிலயே பூசிப் பூசி ஓட்டியிருக்காரு."

சீ.

உன்மேல்தான்.

இதற்கா தேங்காய் உடைத்தேன்? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மாலையோடு இதில் ஏற்றினாயே, கூசவில்லையா? ராஜதுரையிடம் மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. பழந்துணியை வாங்கி விளிம்பு மொத்தமும் நானே துடைத்தேன். நகத்துக்குள் இன்னும் நாறுகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புது பேக்கிங் வாங்கிப் போட ராஜதுரையிடம் பணம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று ராஜதுரையே ஓட்டிப் போனான். மாப்பிள்ளை ஏறினார், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையாம். இன்று தாலி கட்டி முடிந்ததும் அரியமுத்து தாம்பூலப் பையோடு வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்று, "சிங்காரவேலு வேலையில பொய்யே இருக்காதும்மா. செத்தும் வாக்கு காப்பாத்திட்டான்" என்று கண் கலங்கினார்.

பக்கத்தில், வண்டியைத் திருப்பி விட வந்த ராஜதுரை சாவியோடு நின்றான்.

"ஆமாங்க" என்றேன்.

அந்தப் பொய்யை உனக்காக நான் சொல்லிவிட்டேன். பரவாயில்லை. ஒத்த ஆள் வேலை இல்லை என்று தெரிந்தும், வீட்டில் என்னை வைத்துக்கொண்டு, "ஏ புள்ள, வந்து ஒரு கை புடி" என்று ஏன் கூப்பிடவில்லை?